நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம்

வேப்பமேடு,
20.6.2007

அன்பு ஜபீனுக்கு,

செல்வி எழுதுவது. நீயும் யாசர் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பதில் இல்லையே என்று திட்டியிருப்பாய். திட்டு வாங்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கயலுக்குப் பல் முளைக்கிற நேரம். மே மாதம் முழுக்கக் காய்ச்சலும் பேதியுமாக அவளைத் தோளிலிருந்து இறக்கவே முடியவில்லை. இரவில் மூச்சு சீராக வருகிறதா என்று மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். இப்போது தேவலை.

முக்கியமான செய்தி. நான் மறுபடி வேலைக்குப் போகிறேன். அதே பள்ளிக்கூடம், எட்டாம் வகுப்பு, சமூக அறிவியல். என்னைத் தவிர யாரிடமும் கயல் தூங்க மாட்டாள் என்று பயந்தேன். முதல் நாளே அத்தை மடியில் தூங்கிவிட்டாளாம். அதற்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்குத்தான் சொன்னார்? கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்ட் முடிந்து வந்தால் சாப்பாடு, தூக்கம். அத்தைக்குத்தான் மனசில்லை. "இம்மாம் நெலம் வெச்சிக்கினு மருமவள சம்பாரிக்க அனுப்புறாங்கன்னு ஊரு பேசும்" என்றார். மாமாதான் முடித்துவைத்தார். "அது படிச்ச பொண்ணு. ஊட்லயே குந்த வெச்சா துருப்புடிச்சிப் பூடும். ஊட்டு பேரு கெடாம போயிட்டு வரட்டும்." சொன்னதோடு நிற்காமல் தினமும் தன் டிவிஎஸ்ஸில் என்னைக் கொண்டுவந்து விடுகிறார். பெற்ற அப்பாகூட இவ்வளவு செய்ததில்லை. ஆனால் 'ஊட்டு பேரு' என்ற அந்த ஒரு சொல்லில்தான் ஜபீன் என் வேலை தொங்குகிறது. யாராவது ஒரு குறை சொன்னால் போதும். கயலைக் காட்டியே அத்தை என்னை உட்கார வைத்துவிடுவார்.

வகுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீ கேட்பாய். 'நீர்வளத்தின் வகைகள் யாவை' என்றால் கொட்டுகிறார்கள். 'காலையில் குடித்தாயே, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?' என்றால் முழிக்கிறார்கள். ஒருவன் எழுந்து "குடத்துலருந்து மிஸ்" என்றான். பள்ளிக்கு மூன்று கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. துணி போர்த்திப் பூட்டி வைத்திருக்கிறார்கள். கணக்கு வாத்தியார் சடையப்பன் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, ஆயுத பூஜைக்குக் குங்குமம் வைக்க மட்டும் திறக்கிறார்.

நீ கம்ப்யூட்டர் படித்தவள், அதையே சொல்லிக்கொடுக்கிறவள். பி.எட். விடுதியில் என் வரலாற்றுப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கியவளும் நீதான். உன் பெட்டிக்கும் என் பாடத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? சொல்லேன்.

பதிலைப் பள்ளிக்கூட விலாசத்துக்கே போடு. வீட்டுப் போன் கூடத்தில் இருக்கிறது. நான் பேசினால் நாலு காது கேட்கும்.

உன்,
செல்வி


மணவாள நகர்,
2.7.2007

என் அருமைச் செல்விக்கு,

இறைவன் அருளால் இங்கே எல்லோரும் நலம். கயல் கண்ணுக்கு என் முத்தங்கள். பல் முளைத்ததும் முதல் கடி எனக்குத்தான் என்று சொல்லிவை.

அடி பைத்தியமே, சம்பந்தம் இல்லாமலா? முதலில் ஒன்று தெரிந்துகொள். கம்ப்யூட்டர் ஒரு மடையன். சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. போன வாரம் எனக்குத் தலைவலி. யாசருக்குப் படுத்துக்கொண்டே டீ போடச் சொல்லிக்கொடுத்தேன். "அடுப்பைப் பத்த வைங்க, பாத்திரம் வைங்க, தூள் போடுங்க." அந்த மனுஷன் அப்படியே செய்தார். தண்ணீர் ஊற்று என்று நான் சொல்லவில்லை, அவர் ஊற்றவில்லை. வீடெல்லாம் புகை. "நீ சொல்லல, நான் செய்யல" என்கிறார். கம்ப்யூட்டர் என்றால் யாசர்தான். அதனிடம் வேலை வாங்க வேண்டுமென்றால் சொல்கிறவள் ஒழுங்காக யோசித்திருக்க வேண்டும். அந்த யோசனையைத்தான் நீ பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். பெட்டியைத் திறப்பது கடைசி வேலை.

பெரிய கேள்வியைச் சின்னதாக உடை. 'நம் ஊரில் தண்ணீர் எப்படி?' என்றால் கலெக்டர்கூடப் பதில் சொல்ல முடியாது. 'உன் தெரு அடிபம்பில் ஒரு குடம் நிறைய எத்தனை தடவை அடிக்க வேண்டும்?' என்றால் ஐந்து வயதுப் பிள்ளையும் சொல்லும். தண்ணீர் ஆழத்துக்குப் போகப் போக அடிக்கிற எண்ணிக்கை கூடும். எப்படி அளப்பது என்று பிள்ளைகளையே எழுதவைத்து, அதைப் படித்து வேறு ஒருவன் செய்தாலும் அதே விடை வருகிறதா என்று பார். வீட்டுக்காரர் பெயர் எதுவும் எழுத வேண்டாம், அது நமக்குத் தேவையில்லை. ஒரு பம்புக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஓர் எண் போதும். எக்செல்லில் கட்டங்களை ஊர் மாதிரியே அடுக்கி, குறைந்த அடிக்கு வெளிர் நிறம், கூடினால் கறுப்பு என்று கொடு. ஏதாவது உருவம் எழுகிறதா பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. என்ன தெரிகிறது என்று கேட்ட பிறகு, எது விட்டுப்போயிருக்கிறது, ஏன் விட்டுப்போனது என்றும் கேட்கச் சொல். என் வகுப்பில் அந்தக் கேள்வி கேட்காமல் யாரும் உட்கார முடியாது.

சடையப்பன் சாரின் இடுப்புச் சாவிக்கு என் சலாம்.

உன்,
ஜபீன்


வேப்பமேடு,
29.7.2007

அன்பு ஜபீனுக்கு,

சிரிக்காமல் படி. முதல் கணக்கு முழுப் பொய்.

பிள்ளைகள் வீட்டில் அளந்துகொண்டு வந்தார்கள். காலனித் தெருவில் ஒரு குடத்துக்கு ஐந்நூறு அடி என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். கை கழன்று போயிருக்காதா? விசாரித்தால், "நெறையா சொல்லு, அப்பத்தான் பஞ்சாயத்துல புது போர் போடுவாங்கோ" என்று அம்மா சொன்னாளாம். மேட்டுத் தெருவில் நேர் எதிர். எல்லாமே பத்து, பதினைந்து. அங்கே, "தண்ணி வர்லன்னு எழுதினா அடிபைப்ப புடுங்கினு பூடுவான்" என்று பயம். ஒரே ஊர், இரண்டு பொய். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். பிள்ளைகள்தான் வழி கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பச்சைக் குடம் ஒன்றே எல்லாத் தெருவுக்கும் போகும். ஒரே கைதான் அடிக்கும். கேட்டு எழுதுவது கிடையாது, எண்ணி எழுதுவதுதான்.

அந்த ஒரே கை எப்சிபாவுடையது. காலனிப் பிள்ளை. அப்பா பாக்கியராஜ் ஏதோ கம்பெனியில் மூட்டை தூக்குகிறார். இதுவரை வகுப்பில் வாயே திறந்ததில்லை. இப்போது குடத்தை இடுப்பில் வைத்து முன்னால் நடக்கிறாள், மற்றதெல்லாம் பின்னால் ஓடுகிறது. அவள் அடிப்பது ஒரே தாளம். "மிஸ், மூச்சு வாங்கினா எண்ணிக்க மாறிடும், அதான் மெதுவா" என்கிறாள். எனக்கு யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லையடி.

ஒரு விஷயம் உனக்கு மட்டும். எங்கள் வீட்டு எதிரே இருக்கிற பம்பிலும் அளந்தார்கள். அத்தை வாசலில் நின்று பார்த்தார். பிள்ளைகள் தெரு திரும்பியதும் ஒரு சொம்புத் தண்ணீரைப் பம்பின் கைப்பிடியில் ஊற்றிக் கழுவினார். நான் பார்க்காததுபோல உள்ளே போய்விட்டேன். கயல் அழுததால்தான் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் அழவில்லை.

சடையப்பன் சார் சாவி கொடுத்துவிட்டார். அறையைத் திறந்ததும் ஒரு பல்லி ஓடியது.

உன்,
செல்வி


வேப்பமேடு,
26.8.2007

ஜபீன்,

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

எல்லாத் தெருவும் முடிந்து, எங்கள் மோட்டார் கொட்டாய் அருகே இருப்பது உட்பட வயல் கொல்லைகளில் இருக்கிற பம்புகளும் முடிந்து, வெள்ளிக்கிழமை எண்களை ஏற்றி நிறம் கொடுத்தோம். உருவம் எழுகிறதா பார் என்றாயே, எழுந்தது. ஊரின் ஓரமெல்லாம் வெளிர். உள்ளே வர வர அடர்ந்து, கிழக்கே ஓர் இடத்தைச் சுற்றிக் கறுப்பாக வட்டம். காலனித் தெரு அந்தக் கறுப்புக்குள் இருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எப்சிபா திரையில் விரல் வைத்து, "மிஸ், உங்க மோட்டார் கொட்டாய சுத்தித்தான் மிஸ் கறுப்பா கீது" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. விடை கண்டுபிடித்த சந்தோஷம். நான் மணி அடித்துவிட்டது என்று சொல்லி வகுப்பை முடித்தேன். மணி அடிக்கவில்லை.

கல்யாணமாகி வந்த நாளாகப் பார்க்கிறேன் ஜபீன். காலையில் நான் எழும்போதே எங்கள் கொல்லையில் தண்ணீர் லாரி நிற்கும். ஒன்று போனால் ஒன்று. கம்பெனிகளுக்குப் போகிறது. பால்காரர் வருவதுபோல அது ஒரு வழக்கம், அவ்வளவுதான் என்றிருந்தேன். அந்தச் சத்தத்தில்தான் கயல் தூங்கிப் பழகியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் மெதுவாகக் கேட்டேன். "மாமா, நம்ம போர்ல ஒரு நாளைக்கு எத்தினி லாரி ரொம்புது?"

"இன்னாத்துக்கும்மா?"

"சும்மாதான். பாடத்துக்கு."

"பாடத்துல லாரிகூட வருதா?" என்று சிரித்தார். பிறகு தானாகவே சொன்னார். "நெல்லு போட்டேன், நஷ்டம். வேர்க்கடல போட்டேன், பன்னி தின்னுச்சி. தண்ணிதாம்மா நிக்காம குடுக்குது. நாம்ப எடுக்கலைன்னா பக்கத்து கொல்லக்காரன் எடுக்கப் போறான். அத்த விடு, பாப்பாவுக்கு இந்தா" என்று மடியிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை.

இதற்குள் தலைமையாசிரியர் தேசப்பன் சார் படத்தைப் பார்த்துவிட்டார். அவர் பொன்னேரியிலிருந்து வந்து போகிறவர், எந்த நிலம் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. "பிரமாதம் டீச்சர்! அக்டோபர் ரெண்டு கிராம சபை நம்ம பள்ளிக்கூடத்துலதான் நடக்குது. பெரிய பிளெக்ஸா அடிச்சி மாட்டிடலாம், ஊரே பாக்கட்டும்" என்கிறார். நீ திருவள்ளூரில் அடித்துத் தருவாய் என்று நான்தான் முன்பே உளறி வைத்திருந்தேன்.

சி.டி. இத்துடன் இருக்கிறது. ஜபீன், எங்கள் கொல்லையைத் தெரியாமல் பண்ணு. நடுவில் இருக்கிற எண்களைக் கொஞ்சம் குறைத்துவிடு, வட்டம் கலைந்துவிடும். பிள்ளைகளுக்கு என்ன தெரியப்போகிறது? இது வெளியே வந்தால் என் வேலை போகும். வேலை மட்டும் என்றால் உன்னைக் கேட்டிருக்க மாட்டேன். என்னை அந்த வீட்டில் வைப்பார்களா என்று பயமாக இருக்கிறது. நான் இல்லாவிட்டாலும் கயல் அத்தையிடம் தூங்குவாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

செல்வி


மணவாள நகர்,
4.9.2007

என் செல்விக்கு,

இரண்டு நாள் சி.டி.யைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். முதலில் கோபம்தான் வந்தது. எண்ணைக் குறை என்று எப்படியடி கேட்டாய்? அந்த ஒவ்வோர் எண்ணும் அந்தப் பிள்ளை கை வலிக்க அடித்தது. நீயே எழுதினாய், எண்ணிக்கை மாறிவிடும் என்று மூச்சு வாங்காமல் மெதுவாக அடித்தாள் என்று. அதை நான் மாற்ற மாட்டேன். என்னால் முடியாது.

பிறகு கயலைத் தூக்கிக்கொண்டு நீ வாசலில் நிற்பது கண்முன் வந்தது. யாசரிடம் சொன்னேன். "எண்ணத் தொடாதே, ஆனா அந்தப் பொண்ண ஊர் நடுவுல நிக்க வைக்காதே" என்றார்.

அதனால் இப்படிச் செய்கிறேன். எந்த எண்ணையும் தொடவில்லை. உங்கள் மோட்டார் கொட்டாய் இருக்கிற கட்டத்தை மட்டும் எடுத்துவிடுகிறேன். அந்த இடம் வெறும் வெள்ளை. அளக்காமல் விட்டுப்போனது என்று எடுத்துக்கொள்வார்கள். பொய்யும் சொன்னதாகாது, உன்னைக் காட்டிக்கொடுத்ததாகவும் ஆகாது. சரி என்றால் ஒரு வரி எழுது. நீ வேண்டாம் என்றால் பிளெக்ஸே வேண்டாம், கடையில் மிஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம்.

சாப்பிடு. உன் கையெழுத்தே மெலிந்துபோய்விட்டது.

உன்,
ஜபீன்


வேப்பமேடு,
12.9.2007

ஜபீன்,

அப்படியே செய். அந்தக் கட்டம் மட்டும்தானே. இல்லை என்றால் தேசப்பன் சார் வேறு கடையில் முழுதாக அடித்துவிடுவார்.

இன்று கயல் சுவரைப் பிடிக்காமல் நாலடி நடந்தாள். மாமா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். நீ என் வயிற்றில் பால் வார்த்தாய். உன்னை எப்போதும் மறக்க மாட்டேன்.

செல்வி


ஆர்.கே.பேட்டை,
14.10.2007

ஜபீன்,

விலாசத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். அம்மா வீட்டில் இருக்கிறேன். கயல் இங்கே இல்லை.

நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பிளெக்ஸை முதல்நாள் சாயங்காலம் கண்டக்டரிடம் வாங்கினேன். சுருளைப் பிரிக்காமலே தேசப்பன் சாரிடம் கொடுத்தேன். மறுநாள் காலை வேப்ப மரத்துக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடுவே கட்டிய பிறகுதான் பார்த்தேன். ஐயோ ஜபீன், கம்ப்யூட்டர் திரையில் கறுப்போடு கறுப்பாகக் கிடந்த இடம், அவ்வளவு பெரிய பிளெக்ஸில் கறுப்புச் சேலையில் விழுந்த பொத்தல் மாதிரி பளீரென்று இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தாலும் கண் அங்கேதான் போனது. வேறு எதையும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஊர் முழுக்கத் தரையில் உட்கார்ந்திருந்தது. மாமாவுக்கு முன்வரிசையில் நாற்காலி. எப்சிபாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். பச்சைக் குடம், ஒரே கை, எல்லாம் வரிசையாக, திக்காமல் சொன்னாள். எனக்கு அந்தப் பயத்திலும் பெருமைதான்.

கலியன் என்று ஒருவர், எங்கள் நிலத்துக்குப் பக்கத்தில் அரை ஏக்கர் வைத்திருப்பவர், எழுந்தார். "நடுவுல வெள்ளையா கீதே, அது இன்னா பாப்பா? அங்க மட்டும் தண்ணி பொங்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவளும் கவனித்தாள். "இல்லண்ணா, அது விட்டுப்போன கட்டம். விட்டுப்போயிருந்தா ஏன் விட்டுப்போச்சின்னு கேக்கணும்னு மிஸ் சொல்லிக்குடுத்துக்கிறாங்க." பிறகு மைக்கைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்துக் கேட்டாள். "மிஸ், அங்க நாம்ப அளந்தோமே மிஸ். நான்தானே அடிச்சேன். எங்க மிஸ் பூட்ச்சி அது?"

கயல் என் இடுப்பில் இருந்தாள், என் தாலிச் சரட்டைக் கடித்துக்கொண்டு. ஊர் மொத்தமும் முதலில் என்னைப் பார்த்தது, அப்புறம் மாமாவைப் பார்த்தது. காலனிப் பக்கத்திலிருந்து முத்தம்மா என்று ஒருத்தி சத்தமாகச் சொன்னாள். "கேக்காத பாப்பா. ஊரு தண்ணிய வித்தாங்கோ, இப்ப ஊட்டு கட்டத்தயும் எடுத்துக்கினாங்கோ." எப்சிபா மைக்கைத் தேசப்பன் சாரிடம் கொடுத்துவிட்டுத் தன் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் என் பக்கம் திரும்பவில்லை.

அன்று சாயங்காலமே காலனிப் பெண்கள் குடத்தை வரிசையாக வைத்து லாரியை மறித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் தாலுகா ஆபீசிலிருந்து வந்து மோட்டார் கொட்டாய்க்குச் சீல் வைத்தார்கள். இது ஒன்றுதான் இந்தக் கதையில் நல்லது. அது நல்லது என்று அந்த வீட்டில் நின்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

அத்தை, "சோறு போட்ட கெணத்துல மண்ண போட்டுட்டா" என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினார். அது எனக்கு உறைக்கவில்லை, எதிர்பார்த்ததுதான். என் வீட்டுக்காரர் கேட்டதுதான் உறைத்தது. எப்போதும் பேசாதவர். "வரைஞ்சதும் நீ, அழிச்சதும் நீ. காட்டிக் குடுக்கணும்னா முழுசா காட்டியிருக்கலாம். நைனா மானம் பெருசுன்னா வரையாமலே இருந்துக்கலாம். நீ யாருக்காகடி இருந்த?"

"யாரு இத்த அடிச்சிக் குடுத்தது?" என்றும் கேட்டார். கும்மிடிப்பூண்டியில் நானே அடித்தேன் என்றேன். தேசப்பன் சாரும் உன் பெயரைச் சொல்லவில்லை, அது வெளியே வரவில்லை.

கிராம சபைக்கு மறுநாள் நான் பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்றேன். மாமா வண்டியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார், எடுக்கவில்லை. நான் உள்ளே வந்துவிட்டேன். சீல் வைத்த அன்றைக்குத்தான் அத்தை சொன்னார். "நீ உங்கம்மா ஊட்டுக்குப் போயி கொஞ்ச நாள் யோசிச்சிட்டு வா. பாப்பா இங்க இருக்கட்டும், அது இந்த ஊட்டு கொழந்த." நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கயலுக்கு மாட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவள் இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தாள் ஜபீன். மார்பு கட்டிக்கொண்டு கல்லாகிவிட்டது. அம்மா மல்லிகைப்பூ வைத்துக் கட்டுகிறாள். வலி தாங்க முடியாமல் ராத்திரியில் நானே பீய்ச்சி விடுகிறேன். அது தரையில் விழுகிறது.

செல்வி


மணவாள நகர்,
22.10.2007

என் செல்வி,

பெருநாள் முடிந்த மறுவாரம் உன் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே யாசர் கையால்தான்.

விட்டுப்போனதைக் கேள் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அந்தக் கட்டத்தை என் கையாலேயே எடுத்துவிட்டு, யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். என் வகுப்புப் பிள்ளையாக இருந்தால் முட்டிபோட வைத்திருப்பேன். உன்மேல் இருந்த பாசத்தில் என் பாடமே எனக்கு மறந்துவிட்டது.

கேள். கயலை உன்னிடமிருந்து பிரித்துவைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. யாசருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் திருவள்ளூர் கோர்ட்டில் இருக்கிறார். பால் குடிக்கிற பிள்ளை தாயிடம்தான் இருக்க வேண்டும் என்கிறார். எங்கள் பள்ளியில் சமூக அறிவியலுக்கு ஆள் தேடுகிறார்கள், நான் பேசிவிட்டேன். எங்கள் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. குழந்தையை வாங்கிக்கொண்டு வந்துவிடு. இல்லை, அதற்கு முன்னால் நானும் யாசரும் வேப்பமேட்டுக்குப் போகிறோம். 'அந்தக் கட்டத்தை எடுத்தது நான்தான், இவள் இல்லை' என்று உன் மாமாவிடம் நானே சொல்கிறேன். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

எந்த நாள் போகலாம் என்று எழுது. எழுதாவிட்டால் நானாகவே போய்விடுவேன்.

உன்,
ஜபீன்


ஆர்.கே.பேட்டை,
10.11.2007

அன்பு ஜபீனுக்கு,

போகாதே. அதைச் சொல்லத்தான் முதலில் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு மறுநாள் என் வீட்டுக்காரர் வந்தார். கையில் ஸ்வீட் பெட்டி இருந்தது, குழந்தை இல்லை. அம்மா காபி கொடுத்தாள். குடித்து முடித்துத் தன் செல்போனில் வீட்டுக்குப் போட்டு, என்னிடம் நீட்டினார். மறுபக்கம் கயல். "ம்மா" என்றாள், தெளிவாக. நான் "கண்ணு, அம்மாடி" என்று கத்திவிட்டேன். மறுபடியும் "ம்மா, ம்மா" என்றாள். அப்புறம் அத்தையின் குரல் கேட்டது, "இன்னாடி தங்கம், இங்கதான கீறேன்" என்று. அவள் என்னைக் கூப்பிடவில்லை ஜபீன். எதிரே உட்கார்ந்திருந்த அத்தையைக் கூப்பிட்டிருக்கிறாள்.

வக்கீல் சொல்வது சரியாகத்தான் இருக்கும். வழக்குப் போட்டால் எனக்குத்தான் கிடைக்கும். ஆனால் கிடைக்கிற வரைக்கும் அவள் தினமும் யாரையோ அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. விடுதியில் வார்டனை எதிர்த்துப் பேசிய செல்வியை நீ இன்னும் மனதில் வைத்திருக்கிறாய். அவள் பிள்ளை பெறாதவள்.

வந்தவர் கேட்டது இரண்டுதான். பள்ளிக்கூடம் வேண்டாம். இனி வெளியாள் யாரோடும் போக்குவரத்து வேண்டாம், யார் அடித்துக் கொடுத்தது என்று நைனா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்றார். நான் சரி என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. நாளைக் காலையில் போகிறேன். அவர் பஸ் ஸ்டாண்டுக்கு வருவார்.

நீ வந்து உண்மையைச் சொன்னால் அவர்கள் என்னை மன்னிக்கப்போவதில்லை. கூட்டுச் சேர்ந்து செய்தோம் என்றாகும், நானும் பொய் சொன்னவளாவேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டது நான். நீ பிளெக்ஸே வேண்டாம் என்று சொல்லிக்கூடப் பார்த்தாய். ஆனால் உன் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளை மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

எங்கள் கொல்லையில் இப்போது லாரி நிற்பதில்லையாம். அடுத்த ஊரில் ஒருவர் கொடுக்கிறாராம். காலனிப் பம்பில் இன்னும் தண்ணீர் வரவில்லை, மழை பெய்தால் வரலாம் என்கிறார் இவர். எப்சிபாவை இனிமேல் தெருவில்தான் பார்ப்பேன், குடத்தோடு. அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அத்தை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால் அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூட முடியாது. என் இடத்துக்கு வேறு டீச்சர் வந்தாயிற்று. கம்ப்யூட்டர் அறையை மறுபடி பூட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

கயல் என்னைக் கண்டதும் வருவாளா, முகத்தைத் திருப்பிக்கொள்வாளா என்று அதே நினைப்பாக இருக்கிறது. பால் வற்றிவிட்டது. அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கிழித்துப் போட மனம் வரவில்லை, அந்த வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. யாசர் அண்ணனிடம் நான் விசாரித்ததாகச் சொல். பெரிய கடிதமாகப் போய்விட்டது, தபால் பெட்டி எடுக்கிற நேரம்.

பதில் போடாதே.

செல்வி